‘அனுமதி இல்லை’ என்கிறதா போட்டோஷாப்? உடனே டிரைவைக் குறை சொல்லாதீர்கள்!

புதிய கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி ஆன் செய்கிறோம். முதல் இரண்டு நாட்கள் எல்லாம் நன்றாகவே ஓடும். படம் பார்ப்போம், பாட்டுக் கேட்போம். மூன்றாம் நாள்தான் பழைய வேலைகளை அதில் திறக்க உட்காருவோம். தலைவலி அப்போதுதான் தொடங்கும். டிரைவ் கண்ணுக்குத் தெரியும். உள்ளே போக விடாது. ஃபைல் திறக்கும், சேவ் ஆகாது. டிசைன் புரோகிராம் ஏதோ ஒரு ஆங்கில வாக்கியத்தைப் பெட்டி போட்டுக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும்.

நான் திருச்சுழியில் சிறிய அளவில் டிடிபி சென்டர் நடத்துகிறேன். தாலுகா ஆபீஸ் உள்ள ஊர் என்பதால் மனு டைப் செய்ய வருகிறவர்கள் பாதிப் பேர். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று வருகிறவர்கள் மீதிப் பேர். டிசைனை இங்கே முடித்து, பத்திரிகை என்றால் சிவகாசிக்கும் ஃபிளெக்ஸ் என்றால் அருப்புக்கோட்டைக்கும் அனுப்பிவிடுவேன்.

2014-ல் வாங்கிய என் கம்ப்யூட்டர் 2025-ல் ஒரு மதிய வெயிலில் நின்றுபோனது. மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். எப்படியும் மாற்ற வேண்டியதுதான். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. ஆகவே 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 என்று புதிதாக ஒன்று அசெம்பிள் செய்து வாங்கினேன். பழைய கம்ப்யூட்டரில் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டேன். பதினோரு வருட வேலை முழுவதும் அதில்தான் இருந்தது. வேறு நகல் கிடையாது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

(இந்த இடத்தில் ஒன்று. 512 ஜிபி என்று வாங்கினால் விண்டோஸ் சுமார் 476 ஜிபி என்றுதான் காட்டும். 1 டிபி என்றால் 931 ஜிபி. கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணுகிறது. சண்டைக்குப் போய்விடாதீர்கள்.)

ஒரு புதன்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு அக்கா வந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய அப்பாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். ஆறுக்கு நாலு ஃபிளெக்ஸ் ஒன்று வேண்டும்.

“போட்டோ கொண்டு வந்திருக்கீங்களாக்கா?”

“எங்க தம்பி, பெட்டியில இருந்தத கரையான் அரிச்சிருச்சு. அறுபதாம் கல்யாணத்துக்கு நீங்கதான அப்பா படத்த ஸ்கேன் பண்ணுனீங்க? அது இருக்கும்ல?”

இருக்கும் என்றுதான் சொன்னேன். 2016-ல் ஸ்கேன் செய்து, கீறல்களை எல்லாம் நீக்கி, லேயர் லேயராக வைத்த போட்டோஷாப் ஃபைல் அது. பழைய டிஸ்க்கில், டெஸ்க்டாப்பில், அவர்கள் வீட்டுப் பெயரிலேயே ஒரு போல்டர். அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒழுங்கான படம் அது ஒன்றுதான்.

‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால்

பழைய டிஸ்க்கை யுஎஸ்பி டாக்கில் செருகி, கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டில் இணைத்தேன். அதில் இரண்டு பார்ட்டிஷன்கள். டிசைன்கள் இருந்த பார்ட்டிஷன், இ டிரைவ் என்ற பெயரில் வந்துவிட்டது. பழைய விண்டோஸ் இருந்த இன்னொன்று எஃப் டிரைவ். அதைத் தொட்டதும், டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா என்று ஒரு பெட்டி வந்தது. டெஸ்க்டாப் போல்டர் அந்த எஃப்-ல்தான் இருக்கிறது.

புதியவர்கள் இந்தப் பெட்டியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் காலியாக இருக்கிறது என்று விண்டோஸ் சொல்லவில்லை. இதில் உள்ள எழுத்து எனக்குப் படிக்கவில்லை என்றுதான் சொல்கிறது. படிக்க முடியாததற்குக் காரணம் கேபிளாக இருக்கலாம், மின்சாரம் போதாமல் இருக்கலாம், டாக்காக இருக்கலாம், உண்மையிலேயே டிஸ்க் கெட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் கேன்சல் கொடுங்கள். ஃபார்மேட் என்று ஒரு க்ளிக் செய்துவிட்டால், பிறகு ரெக்கவரி ஆட்களைத் தேடிப் போக வேண்டும். கிடைப்பதும் கிடைக்காததும் அதிர்ஷ்டம்.

என் கை மவுஸில் இருந்தது. நல்ல வேளை, கேன்சல் கொடுத்தேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரம் தனியாக வேண்டும். யுஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட். அதனால்தான் டாக்குடன் ஒரு அடாப்டர் தருகிறார்கள். என்னிடம் இருந்தது எங்கோ கிடந்த, ஊர் பேர் தெரியாத அடாப்டர். அதை மாற்றி, டாக்குடன் வந்த அடாப்டரையே தேடிப் போட்டு, கேபிளைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகினேன். எஃப் டிரைவ் ஒன்றும் நடக்காதது போல வந்து நின்றது.

டிஸ்க்கில் டிக், டிக் என்று சத்தம் கேட்டால் மட்டும் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். சத்தம் போடும் டிஸ்க்கை ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்தான். டிஸ்க்கைச் சரிபார்க்கும் புரோகிராம்களைக்கூட அதில் ஓட்டாதீர்கள்.

ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டதாம்!

அடுத்து போட்டோஷாப்பைத் திறந்து ஆறுக்கு நாலு அடியில் புதுப் பக்கம் போட்டேன். சிறிது நேரத்திலேயே ஸ்க்ராட்ச் டிஸ்க்குகள் நிரம்பிவிட்டன என்று நின்றது. 512 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எப்படி நிரம்பும்?

ஸ்க்ராட்ச் டிஸ்க் என்பது தனியாக வாங்கும் பொருள் அல்ல. கல்யாண வீட்டுச் சமையலைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் வேகுவது கொஞ்சம். நறுக்கியதும் அரைத்ததும் தரையெல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். போட்டோஷாப்புக்கு அடுப்பு ராம். தரைதான் ஸ்க்ராட்ச் டிஸ்க். ராமில் அடங்காத வேலையையும், நீங்கள் அன்டூ செய்வதற்காக நினைவில் வைத்திருக்கும் முந்தைய நிலைகளையும் டிரைவில் ஒரு தற்காலிக ஃபைலாகப் பரப்பிக்கொள்ளும். இப்போதைய பதிப்புகளில் இப்படி 50 நிலைகள் வரை வைத்துக்கொள்வதுதான் ஆரம்ப அமைப்பு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், பரப்பும் இடம் விண்டோஸ் இருக்கும் சி டிரைவ்.

என் சி டிரைவைப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்த கடையில் பழைய வழக்கப்படி 476 ஜிபி-யை இரண்டாகப் பிரித்து, சி-க்கு 100, டி-க்கு மீதி என்று கொடுத்திருந்தார்கள். விண்டோஸ், புரோகிராம்கள், அப்டேட்கள் போக சி-யில் மிஞ்சியது சொற்பம். டி டிரைவ் காலியாகக் கிடந்தது.

தவறு என் பக்கமும் இருந்தது. பக்கத்தை 300 ரெசல்யூஷனில் போட்டுவிட்டேன். பத்திரிகை வேலை பார்த்த கை! ஆறுக்கு நாலு அடியை 300-ல் போட்டால் 21,600-க்கு 14,400 பிக்சல். சிஎம்ஒய்கே-யில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். மொத்தம் 1,244 எம்பி. இது ஒரே ஒரு லேயருக்கு. அதையே 72-ல் போட்டால் 72 எம்பி-யோடு முடிந்துவிடும். தூரத்தில் நின்று பார்க்கும் ஃபிளெக்ஸுக்கு 72 முதல் 100 வரை தாராளம். கையில் வைத்துப் படிக்கும் பத்திரிகைக்குத்தான் 300 வேண்டும்.

சரி, ஸ்க்ராட்ச் டிஸ்க்கை மாற்றுவது எப்படி? போட்டோஷாப் திறந்தால் எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ். இடம் இருக்கும் டிரைவுக்கு டிக் கொடுத்து, போட்டோஷாப்பை மூடித் திறக்க வேண்டும். திறக்கவே மாட்டேன் என்கிறதா? ஐகானை டபுள் க்ளிக் செய்த உடனே கன்ட்ரோல், ஆல்ட் இரண்டு கீகளையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ராட்ச் டிஸ்க்கைக் கேட்கும் பெட்டி மட்டும் முதலில் வரும்.

நான் டி டிரைவைக் கொடுத்திருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எந்த டிரைவில் காலியிடம் அதிகம் என்று பார்த்தேன். பழைய டிஸ்க்கின் எஃப் டிரைவில் கொள்ளை இடம். அதற்கு டிக் கொடுத்தேன். இரண்டு தவறு. ஒன்று, யுஎஸ்பி-யில் கழற்றி மாட்டும் டிரைவை ஸ்க்ராட்ச்சுக்குக் கொடுக்கவே கூடாது. வேலை நடுவே கேபிள் அசைந்தால் எல்லாம் போய்விடும். இரண்டாவது தவறு உடனே தெரிந்துவிட்டது. ஸ்க்ராட்ச் ஃபைலைத் திறக்க முடியவில்லை, ஃபைல் பூட்டப்பட்டிருக்கிறது அல்லது உங்களுக்குப் போதிய அனுமதி இல்லை என்றது போட்டோஷாப்.

எல்லோரும் செய்யும் அந்த வைத்தியம்

அனுமதி இல்லை என்று வந்தால் நம்மில் பலருக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். ஐகான் மேல் ரைட் க்ளிக், பிராப்பர்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, ‘ரன் திஸ் புரோகிராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதில் ஒரு டிக். நானும் போட்டேன். போட்டோஷாப் திறந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகு போல்டரில் இருந்த ஒரு பூ டிசைனை மவுஸால் இழுத்து போட்டோஷாப்பில் விடப் பார்த்தேன். வட்டத்துக்குள் குறுக்குக்கோடு வந்தது, ஏற்கவில்லை. ஸ்கேனர் வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதன் போல்டரை இசட் டிரைவாக மேப் செய்து வைத்திருந்தேன். ஃபைல், ஓப்பன் கொடுத்தால் அந்த இசட் டிரைவையே காணோம். ஆனால் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் அது இருக்கிறது! புதுக் கம்ப்யூட்டரே சரியில்லை என்று கடைக்குப் போன் போடப் போனேன்.

அதற்கு முன் அருப்புக்கோட்டையில் ஃபிளெக்ஸ் பிரிண்ட் போடும் நண்பருக்குப் பேசினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அண்ணே, மொதல்ல அந்த அட்மின் டிக்க எடுங்க, மத்தத அப்புறம் பேசுவோம்” என்றார்.

விஷயம் இதுதான். 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸ், நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்தாலும் உங்களை இரண்டு ஆளாகப் பிரித்து வைத்திருக்கிறது. சாதாரண ஆள் ஒருவர், அதிகாரம் உள்ள ஆள் ஒருவர். எக்ஸ்ப்ளோரர் சாதாரண ஆளின் பெயரில் ஓடுகிறது. டிக் போட்ட போட்டோஷாப் அதிகாரம் உள்ள ஆளின் பெயரில் ஓடுகிறது. சாதாரண ஆள் மேப் செய்த இசட் டிரைவ் அதிகாரிக்குத் தெரியாது. சாதாரண புரோகிராமிலிருந்து அதிகாரம் பெற்ற புரோகிராமுக்குள் எதையும் இழுத்துப் போடவும் விண்டோஸ் விடாது. ஏதாவது வைரஸ் இந்த வழியாக நுழையக் கூடாது என்பதற்கான காவல் அது. ஆக, ஒரு பிரச்சினைக்கு நான் போட்ட டிக், இரண்டு புதிய பிரச்சினைகளைக் கொண்டுவந்தது.

அப்படியானால் எஃப் டிரைவ் ஏன் முதலில் மறுத்தது? அது பழைய விண்டோஸ் குடியிருந்த டிரைவ். விண்டோஸ் நிறுவிய டிரைவின் முதல் படியிலேயே, அதாவது எந்த போல்டருக்குள்ளும் போகாத இடத்தில், சாதாரண புரோகிராம் ஃபைல் எழுத அனுமதி கிடையாது. போட்டோஷாப்போ தற்காலிக ஃபைலை அங்கேதான் எழுதப் பார்க்கும். பழைய கம்ப்யூட்டரை விட்டு வந்த பிறகும் டிஸ்க் அந்த விதியை மறக்கவில்லை.

டிக்கை எடுத்தேன். கன்ட்ரோல், ஆல்ட் அழுத்தி ஸ்க்ராட்ச்சை டி-க்கு மாற்றினேன். பக்கத்தை 72-ல் போட்டேன். இழுத்துப் போடுவது, இசட் டிரைவ் இரண்டும் திரும்பி வந்தன. அட்மின் டிக்கை நிரந்தர வைத்தியமாக வைத்திருக்கும் கடைகளை எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், சோதனைக்கு ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். அதோடு எடுத்துவிட வேண்டும்.

பெயர் ஒன்றுதான், எண் வேறு

இப்போது அக்காவின் அப்பா படம். எஃப் டிரைவில் யூசர்ஸ் போல்டருக்குள் என் பெயரில் உள்ள போல்டரை க்ளிக் செய்தேன். இந்த போல்டருக்குள் போக உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, நிரந்தரமாக அனுமதி பெற கன்டினியூ அழுத்துங்கள் என்று வந்தது. போல்டர் என் பெயரில். கம்ப்யூட்டரும் என் பெயரில். பிறகு என்ன அனுமதி?

விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கணக்கைத் தொடங்கும்போதும் அதற்கு ஒரு நீண்ட அடையாள எண்ணைக் கொடுக்கிறது. எஸ்ஐடி என்பார்கள். நம் ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தாலும் ஆதார் எண் வேறு வேறுதானே, அதுபோல. பழைய ஃபைல்களில் உரிமையாளர் என்று பதிவாகியிருப்பது பழைய கம்ப்யூட்டரில் எனக்கிருந்த எண். புதிய கம்ப்யூட்டருக்கு அந்த ஆளைத் தெரியாது. ஃபைலின் பிராப்பர்டீஸில் செக்யூரிட்டி பகுதியைப் பார்த்தால் ‘அக்கவுன்ட் அன்நோன்’ என்று போட்டு ஒரு நீளமான எண் நிற்கும். அது வேறு யாருமில்லை, நீங்கள்தான்!

இந்த உரிமைப் பதிவு என்டிஎஃப்எஸ் என்ற டிஸ்க் அமைப்பின் வேலை. 1993-ல் விண்டோஸ் என்டி-யுடன் வந்தது. 2001-ல் எக்ஸ்பி வந்த பிறகுதான் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பரவியது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ்களில் இந்தப் பதிவே கிடையாது. பென் டிரைவில் கொண்டுபோகும் ஃபைல் எந்தக் கடையிலும் திறப்பதற்கு அதுதான் காரணம். (ஃபேட்32-ல் ஒரே ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள். பெரிய டிசைன் காப்பி ஆகாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.)

கன்டினியூ கொடுத்தேன். மேலே பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. போல்டர் திறந்தது. பெரியவர் படம் போட்டோஷாப்பில் வந்தது. பெரிய நிம்மதி. ஒரு சிறு திருத்தம் செய்து சேவ் கொடுத்தேன். மறுபடியும் அனுமதி இல்லை!

கன்டினியூ என்பது கதவைத் திறக்கிறது, ஆனால் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் மட்டும்தான் உரிமை தருகிறது. எழுதுவதற்கு அல்ல. பலர் இந்த இடத்தில் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இங்கே செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஓனர் என்று நுழைந்து முழு டிஸ்க்கின் உரிமையையும் மாற்ற ஆரம்பிக்காதீர்கள். எளிய வழி இருக்கிறது. படிக்க முடிகிறது அல்லவா? அப்படியானால் காப்பி செய்ய முடியும். அந்த போல்டரை அப்படியே காப்பி செய்து புதிய கம்ப்யூட்டரின் டி டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். காப்பியாகும் ஃபைல், போய்ச் சேரும் போல்டரின் அனுமதிகளை எடுத்துக்கொள்ளும். புதிய ஃபைலுக்கு உரிமையாளர் புதிய நீங்கள். பழைய டிஸ்க்கில் வைத்தே வேலை பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. வயதான டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருப்பது நல்லதும் இல்லை. நானும் அப்படித்தான் செய்தேன். சேவ் ஆனது.

கன்டினியூ கொடுத்தும் ஏதாவது ஒரு போல்டர் அடம்பிடித்தால் மட்டும், அந்த ஒரு போல்டருக்கு உரிமையை மாற்றலாம். ரைட் க்ளிக், பிராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே ஓனர் என்று இருக்கும் இடத்தில் சேஞ்ச் என்பதைத் தட்டி, உங்கள் கணக்கின் பெயரை அடித்து, செக் நேம்ஸ் கொடுத்து ஓகே. ‘ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்’ என்று தொடங்கும் பெட்டியில் டிக் வையுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் விண்டோஸ் போல்டரிலோ, புரோகிராம் ஃபைல்ஸ் போல்டரிலோ இதைச் செய்து பார்க்காதீர்கள். கம்ப்யூட்டரே எழுந்திருக்காமல் போகலாம்.

நோட்பேடு சோதனை

வியாழன் காலை போஸ்டரில் எழுத்து வேலை. அதற்கு நான் பழகிய கோரல் டிராவின் பழைய பதிப்பைத்தான் பயன்படுத்துகிறேன். முடித்துவிட்டு டாக்குமென்ட்ஸ் போல்டரில் சேவ் கொடுத்தால் அங்கேயும் மறுப்பு. ஒரு நாளில் எத்தனை முறைதான் கேட்பது!

இந்த முறை நான் பதறவில்லை. நண்பர் முந்திய நாள் சொல்லிக் கொடுத்த ஒரு சோதனை இருந்தது. நோட்பேடைத் திறந்து இரண்டு வார்த்தை அடித்து, அதே டிரைவில், அதே போல்டரில் சேவ் செய்து பாருங்கள். நோட்பேடும் சேவ் ஆகவில்லை என்றால், குறை அந்த டிரைவின் அனுமதியில் அல்லது இடத்தில். நோட்பேடு சேவ் ஆகிறது, டிசைன் புரோகிராம் மட்டும் ஆகவில்லை என்றால், டிரைவ் நன்றாக இருக்கிறது; அந்தப் புரோகிராமை மட்டும் யாரோ நிறுத்துகிறார்கள். எக்ஸ்ப்ளோரரிலேயே டிரைவ் வரவில்லை என்றால், கேபிள், அடாப்டர், டிஸ்க் என்று வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். அரை நிமிடச் சோதனை. அரை நாள் அலைச்சல் மிச்சம்.

நோட்பேடு சேவ் ஆனது. ஆக, நிறுத்தியது யார் என்று தேடினேன். நானேதான்! கம்ப்யூட்டர் வந்த அன்று, பாதுகாப்புக்கு நல்லது என்று விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்பதை ஆன் செய்திருந்தேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் 10-ல் இந்த வசதி சேர்க்கப்பட்டது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற போல்டர்களில், விண்டோஸுக்கு நம்பிக்கையில்லாத புரோகிராம் எதுவும் எழுத முடியாமல் தடுக்கும். நோட்பேடு விண்டோஸின் சொந்தப் பிள்ளை. என் பழைய கோரல் டிரா அதற்கு அறிமுகமில்லாத ஆள்.

இதற்காக அந்தப் பாதுகாப்பையே ஆஃப் செய்துவிடாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதன் அடியில் மேனேஜ் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன். அங்கே ‘அலவ் அன் ஆப்’ என்று தொடங்கும் இணைப்பில் போனால், சமீபத்தில் தடுக்கப்பட்ட புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். உங்கள் புரோகிராமின் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தட்டினால் போதும். இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய புரோகிராம் அந்தப் பட்டியலில் இருந்தால் அதற்கு மட்டும் இரக்கம் காட்டாதீர்கள்.

டாக்குமென்ட்ஸ் என்றதும் இன்னொன்று. விண்டோஸ் 11-ல் நிறையப் பேருக்கு டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அவர்களுக்கே தெரியாமல் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்போடு சேர்ந்திருக்கும். ஃபைல் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லை, இணையத்தில் இருக்கிறது. நெட் இல்லாத நேரத்தில் திறக்காது. இலவச இடமும் 5 ஜிபிதான். பெரிய டிசைன்களை டி டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் நோட்டீஸ் ஃபைல்களில் வேறொரு வேடிக்கை. படங்களை உள்ளே வைக்காமல், வெளியே இருந்து லிங்க் கொடுத்திருந்தேன். பழைய கம்ப்யூட்டரில் அவை டி டிரைவில் இருந்தன. யுஎஸ்பி-யில் மாட்டியதும் அதே டிரைவ் இ ஆகிவிட்டதால் படங்களைக் காணவில்லை என்றது புரோகிராம். பழைய டி-யில் இருந்த போல்டர்களைப் பெயர் மாற்றாமல் புதிய டி-க்கு அப்படியே காப்பி செய்தேன். பாதை பழையபடியே ஆனதால் படங்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொண்டன. எழுத்துகள் மட்டும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தன. அது டிரைவ் கோளாறு அல்ல. பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் புதிய கம்ப்யூட்டரில் இல்லை. பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் போல்டரிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

புதிய டிஸ்க்குக்கு ஒரு சாவி

காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு எண்ணம் வந்தது. இந்தப் புதிய கம்ப்யூட்டரும் ஒரு நாள் நிற்கும். அன்று இதன் டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் இப்படித் திறக்குமா?

திறக்காமல் போகலாம். 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே சங்கேத முறையில் பூட்டப்படுகிறது. டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். திருடன் கையில் டிஸ்க் கிடைத்தாலும் அவனால் ஒன்றும் படிக்க முடியாது. மதர்போர்டு போய்விட்டால் நமக்கும் அதே கதிதான். கன்டினியூ, ஓனர் மாற்றுவது எதுவும் அங்கே செல்லாது. 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்றுதான் திறக்கும். என் பழைய டிஸ்க் இப்படிப் பூட்டப்பட்டு, அந்தச் சாவி என்னிடம் இல்லாமல் இருந்திருந்தால், அக்காவிடம் நான் கையை விரித்திருக்க வேண்டும்.

செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய் உங்கள் கம்ப்யூட்டரில் இது ஆன் ஆகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆன் என்றால் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பலருக்கு அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் கடைக்காரராக இருப்பார். பாஸ்வேர்டு அவருக்கே மறந்திருக்கும். கணக்கில் நுழைந்து அந்த 48 எண்களையும் காகிதத்தில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஃபைலில் எழுதி வைக்காதீர்கள். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டியது போலாகிவிடும். நான் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்று, வீட்டில் பத்திரங்களோடு ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறேன். வெளியே 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி, டி டிரைவுக்கு வாரம் ஒரு நகலும் எடுக்கிறேன்.

வியாழன் சாயங்காலம் அக்கா வந்து திரையில் போஸ்டரைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

“தம்பி, அப்பா சட்டைப் பையில எப்பவும் பேனா இருக்குமே, போட்டோவுலயும் இருந்துச்சே?”

இருந்தது. 2016-ல் பத்திரிகைக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று நான்தான் அழித்திருந்தேன். ஆனால் அசல் ஸ்கேனை அடியில் ஒரு லேயராக விட்டு வைத்திருந்தேன். மேலே இருந்த லேயரின் கண் குறியைத் தட்டி அணைத்தேன். பையில் பேனா வந்தது. அந்த இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சரிசெய்தேன்.

“இதுதான் தம்பி எங்கப்பா” என்றார்.

கன்ட்ரோல் எஸ் அழுத்தினேன். இந்த முறை எந்தப் பெட்டியும் வரவில்லை. ஃபைலை அருப்புக்கோட்டைக்கு அனுப்பிவிட்டு, அக்காவுக்கு பென் டிரைவில் ஒரு நகலும் போட்டுக் கொடுத்தேன்.